தொண்ணூற்றொன்பது புள்ளி ஈரம்

நெடுநாள் நோயாளிகள் பராமரிப்பு நிலையத்தில் வறண்ட தோல் என்று ஒன்று கிடையவே கிடையாது. போகிற போக்கில் யாரோ சொன்ன பேச்சல்ல இது, பதிவேட்டில் இருக்கிறது. நூற்றிருபது கட்டில்கள், நூற்றிருபது உடம்புகள். ஒவ்வொன்றுக்கும் காலையும் மாலையும் ஈர அளவு எடுத்து எழுதி, அடியில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தொண்ணூறு புள்ளிக்குக் கீழே ஒரு தோல்கூட இறங்கியதில்லை. இதற்காகவே மாடியில் நாலு அறைகளில் தோல் ஈரப்பதப் பாதுகாப்புப் பிரிவு நடந்துவந்தது. ஏழு பேர் வேலை பார்த்தார்கள். ஈரம் அளக்கும் கருவி ஒன்று இருந்தது. ஈரம் காக்கும் களிம்பும் ஒரு டியூப் இருந்தது. அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, வருகிறவர்கள் பார்ப்பதற்காக.

இந்த நிலையத்துக்குத் தினமும் நாலு மணிக்கு ஒருவர் வருவார். தோல் பைகள் தைக்கும் பட்டறையில் முப்பத்தாறு வருடமாக ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பவர். பைக்காரர் என்றால் வாசல் காவலாளி முதல் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மனைவி பெண்கள் கூடத்தில் பதினேழாம் கட்டில். ஒருநாள் காலையில் அடுப்படியில் கரண்டியோடு விழுந்தவள். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். பேச்சு போயிற்று, வலது பக்கம் முழுக்கப் போயிற்று, எழுந்து உட்காருவதும் போயிற்று. இடது கை ஒன்று மிஞ்சியது.

அந்தக் கையை வைத்துக்கொண்டு இருவரும் குடும்பம் நடத்தினார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். ஒரு அழுத்தென்றால் ஆமாம். இரண்டென்றால் இல்லை. மூன்று அழுத்தென்பது அவளாகவே உண்டாக்கியது. முதல் வாரத்தில் ஒருநாள் அவர் கிளம்பும்போது மூன்று தடவை அழுத்தினாள். தண்ணி வேணுமா, முதுகு வலிக்குதா, போர்வையா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டாக அழுத்தினாள். கடைசியில், "போயிட்டு வாங்கன்னு சொல்றியா, இவளே?" என்றார். ஒரே அழுத்து. முப்பத்தெட்டு வருடமாக அவர் படியிறங்கும்போதெல்லாம் அவள் உள்ளே இருந்து சொன்ன வார்த்தை அது. அந்த மூன்று அழுத்து வாங்காமல் அவர் எழுந்ததே இல்லை.

"முன்னெல்லாம் அவ பேச ஆரம்பிச்சா பக்கத்து வீட்டு அடுப்புல பால் பொங்கிடும். இப்ப மூணே வார்த்தையில எல்லாம் முடிஞ்சிடுது" என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோக்க அவருக்கு வெகுநேரம் ஆகும்.

நிலையத்தில் சேர்ந்ததும் அவள் முடிவுதான். சேர்க்கும் அன்று அதிகாரி ஒருவர் அவள் கையைப் பிடித்து, "இங்க தங்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அவள் பைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு தடவை அழுத்தினாள். அதை, "நோயாளி கை அழுத்திச் சம்மதம் தெரிவித்தார்" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அவளை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறி, மலஜலம் பார்த்து, அப்புறம் பட்டறைக்கும் ஓட இவரால் ஆகாது என்பது அவள் கணக்கு. அவள் கணக்கில் அவர் என்றைக்கும் குறுக்கே பேசியதில்லை. அவளைக் கேட்காமல் வீட்டுக்கு ஒரு முக்காலிகூட வாங்கியதில்லை.

நிலையத்தில் குளியல் என்பது தினம் இரண்டு வேளை நடக்கும் வைபவம். தண்ணீரில் ஆவி பறக்க வேண்டும். கழுத்திலிருந்து குதிகால்வரை நுரை தெரிய வேண்டும். நுரை தெரியாத குளியல் பதிவேட்டில் ஏறாது, அதனால் மேற்பார்வையாளர் ஒருவர் வாசலில் நின்று நுரையைப் பார்த்துத் தலையசைப்பார். பிறகு சுடுதண்ணீரை வாரி ஊற்றி முடித்ததும், துண்டு படுவதற்கு முன்பாக, ஈரப்பதப் பிரிவிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து முழங்கையில் வைத்து அளப்பார். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று காட்டும். குளத்தில் முங்கி எழுந்த எருமையை அளந்தாலும் அதுதான் காட்டும். இது அங்கே யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்லிவிட முடியாது. அளக்கும் பிரிவு அது, தோன்றும் பிரிவு அல்ல.

இரண்டு மாதத்தில் அவள் கால்களில் வெள்ளை பூத்தது. பிறகு முழந்தாளுக்குக் கீழே கோடு கோடாக வெடித்தது. பைக்காரருக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மழையில் நனைந்த பையை அடுப்போரம் வைத்துக் காயவைத்துவிட்டு, "என்னங்க இப்படி வெடிச்சிடுச்சு?" என்று கொண்டுவருகிறவர்கள் உண்டு. தண்ணீர் தோலுக்குள் போகும்போது சும்மாதான் போகும். வெளியே வரும்போது தோலுக்குள் இருக்கிற பசையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஈரம் இருக்கும்போதே மெழுகு தடவிவிட வேண்டும். பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிற விஷயம் இது.

அவள் பாவம், இருந்த ஒரு கையால் சொறிந்தாள். சொறிந்த இடம் புண்ணானது. ஒருநாள் நாலு மணிக்கு அவர் வந்து பார்த்தபோது, அந்தக் கை ஒரு பைக்குள் இருந்தது. பஞ்சு வைத்துத் தைத்த, விரல் பிரியாத வெள்ளைத் துணிப் பை, மணிக்கட்டில் நாடா போட்டு முடிச்சு. முடிச்சின் மேலே பிரிவின் முத்திரை. அவர் முதலில் பார்த்தது தையலைத்தான். உள்பக்கம் வரக்கூடாத தையல் உள்பக்கம் வந்திருந்தது.

"என்னம்மா இது?" என்று கூடத்து நர்ஸைக் கேட்டார்.

"பாதுகாப்பு உறைங்க. சொறிஞ்சு சொறிஞ்சு படுக்கையெல்லாம் ரத்தக் கறை. கறை பட்டா சலவைப் பிரிவுக்காரங்க எங்க மேல எழுதிடறாங்க."

"அவ அந்தக் கையாலதாம்மா பேசுவா."

"பேச வேணாம்னு யாருங்க சொன்னா? கைக்கு மட்டும்தான் உறை."

அன்றைக்கு அவர் உறையின் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது பஞ்சுக்குள் மூன்று தடவை ஏதோ முட்டியது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் பேசுகிற மாதிரி இருந்தது அவருக்கு. மாடிப்படிவரை நடந்துபோய், சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார்.

மறுநாள் பட்டறைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஈரப்பதப் பிரிவுக்குப் போனார். பிரிவுத் தலைவரின் முகம் எண்ணெய் விட்ட இயந்திரம்போல மினுமினுத்தது. மேசையில் நாலுவகை க்ரீம். அவர் பதிவேட்டைப் புரட்டி விரலை வைத்தார்.

"பதினேழாம் கட்டில். தொண்ணூத்தேழு. உங்களுக்கு என்ன குறை? என் தோலே எண்பத்திமூணுதான்."

"ஐயா, அது குளிச்ச தண்ணிங்க. காஞ்சப்பறம், மத்தியானமா ஒருதரம் வந்து அளந்து பாருங்க."

"குளிச்ச அஞ்சு நிமிஷத்துக்குள்ள எடுக்கணும்னு இருக்கு. நேரம் மாறிச்சுன்னா அளவு மாறிடும்."

"அதத்தாங்க நானும் சொல்றேன்."

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க" என்று தலைவர் திருப்தியோடு பதிவேட்டை மூடினார்.

பைக்காரர் விடவில்லை. நனைந்த தோல் எப்படிக் காய்கிறது, எப்போது மெழுகு போட வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று, கையாலேயே மேசைமேல் பை ஒன்று தைத்துக் காட்டுகிற மாதிரி விளக்கினார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமை அங்கே ஒரு தகுதி.

"நீங்க சொல்றது செத்த தோலைப் பத்தி. நாங்க உயிருள்ள தோலுக்கு மட்டும்தான் பொறுப்பு."

"அவளுக்கு அரிக்குதுங்க."

"ஈரமான தோல் அரிக்காது. அதனால அம்மாவுக்கு இருக்கறது அரிப்பு இல்ல. அரிக்குதுங்கற அபிப்ராயம். அபிப்ராயத்துக்குக் களிம்பு போட முடியாது. இல்ல, அரிப்புதான்னா நோயாளியே புகார் சொல்லணும். வாயால சொல்லலாம், எழுதிக் குடுக்கலாம், கை சைகையும் ஏத்துக்குவோம். நாங்க ஒண்ணும் கல்நெஞ்சுக்காரங்க இல்ல."

"கை உறைக்குள்ள இருக்கே. கழட்டுங்க, சொல்லுவா."

"அரிப்பு இல்லன்னு சான்று வந்தா உறையைக் கழட்டிடுவோம்."

பைக்காரர், பத்து நாளாக மனதில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்ததை வெளியே எடுத்தார். பட்டறை முதலாளியிடம் பேசிவிட்டார். வீட்டிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுக்கலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். தூக்கிப் பிடிக்கக் கீழ்வீட்டு அம்மாள் வருகிறேன் என்றாள்.

"அப்ப நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேங்க."

"தாராளமா. சேரும்போது எப்படிச் சம்மதம் சொன்னாங்களோ, போகும்போதும் அப்படியே சொல்லணும். இயக்குநர் முன்னாடி கையை அழுத்தினாப் போதும். ரொம்ப லேசான விதி."

"அதுக்கு உறையைக் கழட்டணுங்களே" என்றார் பைக்காரர்.

தலைவர், வளையம் முழுசாகிவிட்ட மகிழ்ச்சியில், ஆமாம் என்று தலையாட்டினார்.

மருந்துக்கடையில் கேட்டு, வாசனை எதுவும் இல்லாத களிம்பு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். வாசலில் காவலாளி பிடித்துக்கொண்டார். வெளியிலிருந்து ஈரம் கொண்டுவர அனுமதி இல்லையாம். டப்பாவை அலமாரியில் பூட்டி, நாற்பத்திரண்டு என்று எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றைக் கையில் கொடுத்தார். போகும்போது வில்லையைக் கொடுத்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொள்ளலாம்.

பைக்காரர் சட்டென்று, "டப்பாவைக் கொஞ்சம் குடுங்க. என் கைக்குப் பூசிக்கலாம் இல்ல?" என்றார்.

காவலாளி சுவரில் இருந்த பலகையைப் படித்தார். உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருள்கள் பதினொன்று. மனிதனின் கை அதில் இல்லை. பைக்காரர் இரண்டு கையிலும் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை களிம்பை அப்பிக்கொண்டு, யார்மேலும் படாமல் கைகளைத் தூக்கியபடி உள்ளே போனார். அவள் காலிலும் தோளிலும் இடுப்பிலும் அவ்வளவையும் வழித்துத் தடவினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குளிப்பாட்டும் அக்கா வாளியோடு அந்தப் பக்கம் போனவள் நின்று பார்த்தாள். சோப்புத் தண்ணீரிலேயே கிடந்து அக்காவின் விரல் இடுக்கெல்லாம் பிளந்திருந்தது. அதை அளக்க எந்தக் கருவியும் வந்ததில்லை. அவளுக்கும் கொஞ்சம் தடவிவிட்டார். "நல்லாருக்குண்ணே" என்று கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பதினோரு நாள் இப்படி நடந்தது. வெடிப்புகள் மூடத் தொடங்கின. உறை போட்ட கை வயிற்றின்மேல் அமைதியாகக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு அவர் கிளம்பும்போது பஞ்சுக்குள்ளிருந்து மூன்று முட்டல் வந்தது. அவர் சீட்டியடித்துக்கொண்டே படியிறங்கினார் என்றும் சொல்வார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கருவி எழுபத்தொன்று காட்டியது. களிம்பு ஏறிய தோலில் தண்ணீர் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது. கருவிக்கு அளக்க ஒன்றும் அகப்படவில்லை. நிலையத்தின் வரலாற்றிலேயே முதல் வறண்ட தோல். ஏழு பேரும் கூடத்துக்கு ஓடிவந்தார்கள். இரண்டு பேர் அழுகிற நிலையில் இருந்தார்கள். பைக்காரர் நாலு மணிக்கு வந்தபோது அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறக்கப்போகிறார்கள் என்று அவர் நினைத்தார். அந்த ஒருமணி நேரம் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

கூட்டம் இரண்டு தீர்மானம் போட்டது. பதினேழாம் கட்டிலுக்கு இனிமேல் தினம் மூன்று குளியல். வருகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வர வேண்டும்.

நல்லது செய்யப் போய் நானே அவளுக்கு இதைத் தேடி வைத்தேனே என்று பைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி தலைவரிடம் ஓடினார். "ஐயா, பழையபடி ரெண்டாவது ஆக்குங்க. நான் தொடவே மாட்டேன்" என்று கெஞ்சினார். தொட்டதை ஒப்புக்கொண்டதற்காக அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மூன்று மூன்றாகவே இருந்தது.

ஆறு வாரம் போயிற்று. ஆவி, நுரை, தண்ணீர், கருவி. தொண்ணூற்றெட்டு வந்தது, தொண்ணூற்றொன்பது வந்தது. அவள் கால்கள் உலர்ந்த மண்ணாகிவிட்டன. உறை போட்ட கையை முதலில் படுக்கைச் சட்டத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தின் வண்ணம் போகிறது என்று உறையின் நாடாவைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அப்புறம் அவள் தேய்ப்பதை விட்டுவிட்டாள். ஐந்து மணிக்குப் பைக்காரர் உறையின் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பார். சில நாள் பஞ்சுக்குள் ஏதோ அசையும். சில நாள் அசைந்ததா, பஞ்சு அமுங்கியதா என்று தெரியாது. அசைந்தது என்று வைத்துக்கொண்டு கிளம்புவார்.

ஒருநாள் குளிப்பாட்டும் அக்கா துண்டை உதறுகிற சாக்கில் அவர் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, நாளைக்கு ஈரப்பத வார விழா. அதிக ஈரம் எடுத்தவங்கன்னு அண்ணியத்தான் மேடைக்குக் கொண்டு போறாங்க. இயக்குநர் கைகுலுக்கிப் போட்டோ எடுக்கணுமாம். உறை இருந்தா நல்லா இருக்காதுன்னு பத்து நிமிஷத்துக்குக் கழட்டறாங்க."

இயக்குநர் முன்னாடி கையை அழுத்தினால் போதும். விதி அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போய்க் கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டார். கீழ்வீட்டு அம்மாளிடம் சொல்லிவைத்தார். கேள்வியை எப்படிக் கேட்பது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். "என்கூட வந்துடறியா?" என்றால், உங்களுக்கு எதுக்குக் கஷ்டம் என்று இரண்டு அழுத்து அழுத்திவிடுவாள். அவளைத் தெரியாதா. "எனக்கு அங்க தனியா இருக்க முடியல, வந்துடு" என்று கேட்பதாக முடிவு செய்தார். அதற்கு அவளால் இல்லை என்று சொல்ல முடியாது. அதில் பொய்யும் இல்லை.

விழாவுக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முழங்கைவரை கழுவிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அவளைச் சக்கரக் கட்டிலில் மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் குளிப்பாட்டியிருந்தார்கள், தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இயக்குநர் ஒரு வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் விரல் நனைத்து விழாவைத் தொடங்கிவைத்தார். உடனே உதவியாளர் ஒருவர் ஓடிவந்து அந்த விரலைத் துடைத்து க்ரீம் தடவிவிட்டார். இயக்குநருக்குத் தண்ணீர் பட்டால் தோல் சீக்கிரம் வறண்டுவிடுமாம்.

பிறகு அவர் பேசினார்.

"தோல் என்பது ஒரு மதில். வெளியே இருப்பது உள்ளே வராமலும், உள்ளே இருப்பது வெளியே போகாமலும் அது காக்கிறது. நமது நிலையமும் அப்படித்தான். இங்கே வந்தவர்கள் வெளியே போனதில்லை. வெளியிலிருந்து வந்த யோசனைகள் உள்ளே நுழைந்ததில்லை. சென்ற ஆண்டு நமக்கு நாற்பத்தொரு புகார்கள் வந்தன. ஒன்றுகூட நோயாளியிடமிருந்து வந்ததல்ல என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நமது நோயாளிகள் புகார் சொல்வதில்லை. சொல்ல முடிந்தவர்கள்கூடச் சில மாதங்களில் நிறுத்திவிடுகிறார்கள். பராமரிப்பு என்றால் இதுதான்."

கைதட்டினார்கள். நர்ஸ் முத்திரையை உடைத்து நாடாவை அவிழ்த்து உறையை உருவினாள். இயக்குநர் அந்தக் கையை எடுத்துக் குலுக்கிக்கொண்டே, ஒலிபெருக்கியில், "இங்க திருப்தியா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"அழுத்தினாங்க. ஒரு தடவை, நல்லா அழுத்தினாங்க."

மறுபடி கைதட்டினார்கள். மேடையோரம் உட்கார்ந்திருந்த எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். போட்டோக்காரர் மூன்று படம் எடுத்தார்.

பைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறினார். ஒருவரும் தடுக்கவில்லை, புருஷன் நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் ஆயிற்று அதைப் பார்த்து. உள்ளங்கை வெளுத்து, ஊறிப்போய்ச் சுருங்கியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி அந்த உள்தையல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"இவளே, எனக்கு அங்க தனியா இருக்க முடியல. வந்துடறியா?"

ஒன்றும் வரவில்லை.

அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து மறுபடி கேட்டார். பிறகு கேள்வியைச் சின்னதாக்கிக் கேட்டார். "நாந்தான். தெரியுதா?" என்று கேட்டார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் விரலைச் சுற்றி மடக்கிவைத்தார். அவர் விட்டதும் அவை மெல்லத் திறந்துகொண்டன. அவளுடைய கண்கள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தன. கேட்கிறது, தெரிகிறது, எல்லாம் புரிகிறது. கைதான் மறந்துபோயிருந்தது. கட்டிப் போட்ட கைக்கு எத்தனை நாள்தான் ஞாபகம் இருக்கும். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. குளித்த தண்ணீர் என்று நினைத்து நர்ஸ் அதைத் துடைத்துவிட்டாள்.

இயக்குநர் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வீட்டில், சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, உண்மையாகவே அழுத்தியிருப்பாளோ என்று யோசித்தார். இருந்த கடைசிப் பலத்தை எல்லாம் கூட்டி, கை மாறியது தெரியாமல், அந்த ஆளிடம் கொடுத்துவிட்டாளோ. அப்படி நினைத்தபோது அவருக்கு அந்த ஆள்மேல் பொறாமையாக இருந்தது. அதற்காக வெட்கப்பட்டு அழுதார்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது, மூன்று பிரதிகளாக. "பதினேழாம் கட்டில் நோயாளியிடம் சொறியும் பழக்கம் முற்றிலும் நின்றுவிட்டது. எனவே உறை இனித் தேவையில்லை. முன்னுதாரண நோயாளி என்ற முறையில் களிம்பு பூசவும் அனுமதிக்கப்படுகிறது. புகார் வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது." தலைவரே மாடியிலிருந்து இறங்கிவந்து பைக்காரரின் கையைக் குலுக்கினார்.

"நாங்க கேக்கறதில்லன்னு நெனச்சீங்க இல்ல? பாருங்க. நீங்க கேட்ட ரெண்டும் கெடச்சிடுச்சு."

கண்ணாடிப் பெட்டியைச் சிறு சடங்கோடு திறந்து டியூபை எடுத்தார்கள். அமுக்கிப் பார்த்தார்கள். பல வருட வெளிச்சத்தில் உள்ளே இறுகிக் கல்லாகியிருந்தது. பைக்காரர் சட்டைப்பையிலிருந்து நாற்பத்திரண்டாம் வில்லையை எடுத்துக் காவலாளியிடம் கொடுத்துத் தன் டப்பாவையே வாங்கிக்கொண்டார்.

அதன்பின் தினமும் நாலு மணிக்குக் குளிப்பாட்டும் அக்கா அவளை வெதுவெதுப்பான தண்ணீரில், நுரை இல்லாமல், துடைத்துவிடுவாள். மேற்பார்வையாளருக்குக் காட்ட வாளியில் தனியாகக் கொஞ்சம் நுரை அடித்து வைத்திருப்பாள். ஈரம் ஒத்தி எடுத்த கையோடு பைக்காரர் களிம்பு தடவுவார். குதிகாலிலிருந்து மேலே, அவசரப்படாமல், தையல் ஓரத்துக்கு மெழுகு ஏற்றுகிற பக்குவத்தில். இரண்டு வாரத்தில் வெடிப்பெல்லாம் மூடியது. மூன்றாவது வாரத்தில் கால் வழவழவென்று ஆகிவிட்டது. கருவி மட்டும் அறுபத்தெட்டு காட்டியது. முன்னுதாரண நோயாளிக்கு அந்த அளவை எழுத மனமில்லாமல் தொண்ணூற்றொன்பது என்றே எழுதிவந்தார்கள்.

கையையும் விடாமல் நீவினார். ஒவ்வொரு விரலாக மடக்கி, நீட்டி, மடக்கி. பட்டறையில் நடந்ததைச் சொல்வார். கீழ்வீட்டு அம்மாள் விசாரித்ததைச் சொல்வார். கேள்வியும் கேட்பார். அவள் கண் அசையும். கை, பூப்போல மிருதுவாக, அவர் உள்ளங்கையில் சும்மா கிடக்கும்.

ஒருநாள் ஐந்து மணி அடித்து வருகையாளர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பைக்காரர் எழவில்லை. குளிப்பாட்டும் அக்கா பக்கத்துக் கட்டில் திரைகளை இழுத்துவிட்டுக்கொண்டே வந்து நின்றாள்.

"கெளம்பலையாண்ணே? காவலாளி சத்தம் போடுவாரு."

"இரும்மா. அவ இன்னும் சொல்லல."

"என்ன சொல்லணும்?"

"போயிட்டு வாங்கன்னு."

அக்கா தன் வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உறை இருந்தப்ப தெனமும் சொல்லிட்டுத்தாம்மா இருந்தா" என்றார் பைக்காரர்.